தொண்ணூறு நாள்

அட்டவணை இரண்டில் தேதிகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கட்டுரையை எழுதியவள் சிமெண்ட் வார்த்த தேதியை 11/04 என்று போட்டிருந்தாள். அது ஏப்ரல் பதினொன்றா, நவம்பர் நாலா என்று எங்கோ உட்கார்ந்து படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று அந்தப் பொறியியல் இதழின் விதிமுறைகளில் பதினாலாம் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பதினாலாம் பக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. படிப்பதற்கென்றே நான் ஒருத்தி இருக்கிறேன். அதனால்தான் என் அடுப்பு எரிகிறது.

என்னிடம் வருகிறவர்கள் என்னை ஃபார்மேட்டிங் அக்கா என்பார்கள். அவர்கள் கொண்டுவருகிற கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புகிறார்களோ அந்த இதழ் கேட்கிற உருவத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். ஓரத்தில் எத்தனை சென்டிமீட்டர் விட வேண்டும், மேற்கோள் பட்டியலில் பெயர் முதலில் வருமா ஆண்டு முதலில் வருமா, படத்தின் தலைப்பு மேலேயா கீழேயா, எல்லாம் என் பொறுப்பு. உள்ளே இருக்கிற விஞ்ஞானத்தில் பாதி எனக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் படம் நான்கைப் பார்க்கவும் என்று எழுதிவிட்டு மூன்று படம் மட்டும் வைத்திருந்தால் ஒரே மூச்சில் பிடித்துவிடுவேன். கமா ஒன்று இடம் மாறிக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் என்னை எடிட்டர் மேடம் என்று கூப்பிடுவார். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல்.

ஏப்ரல் 11 என்று தட்டியதும் விரல் கொஞ்சம் தயங்கியது. எங்கள் கல்யாண நாள். அடுத்த கட்டத்தில் பரிசோதித்த தேதி. ஜூலை 10. அது அவர் தவறிப்போய் ஒன்பதாவது நாள். இரண்டு தேதியும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தற்செயல்தான். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள்தான் இருக்கிறது, எதையாவது ஒன்றைத்தான் போட்டாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

கட்டுரைக்காரி என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் டெக்னீஷியனாக இருந்த அதே சிமெண்ட் லேப்பில்தான் அவளும் ஆராய்ச்சி செய்தாள். பரிசோதனை முடிந்த வருஷமே குழந்தை பிறந்து, மூன்று வருஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இப்போதுதான் மறுபடி எடுத்திருக்கிறாள். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் பட்டம். ஒருமுறை அனுப்பி, ரிவியூவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பிவிட்டார்கள். திருத்தி அனுப்ப இன்று மாலை ஐந்து மணி வரை நேரம். அப்போது மணி பன்னிரண்டு.

"மூணாவது கேள்விதான் அக்கா பிரச்சினை" என்றாள். "மத்ததெல்லாம் பதில் எழுதிட்டேன்."

கேள்வியைப் படித்தேன். அவள் சிமெண்ட் சாந்தில் பன்னிரண்டு சின்ன வார்ப்புகள் செய்திருக்கிறாள். லேப்பில் அதை பிரிக்கெட் என்பார்கள். எட்டு என்ற எண்ணைப் போல நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும், கைக்கு அடங்குகிற அளவு. தொண்ணூறு நாள் ஊறவைத்துவிட்டு, இரண்டு முனையையும் இயந்திரத்தில் மாட்டி இழுத்தால் இடுப்பில் உடையும். எவ்வளவு இழுவைக்கு உடைகிறதோ அதுதான் அதன் பலம். பதினொன்று நன்றாகத் தாங்கியிருக்கின்றன. ஏழாம் எண் மட்டும் பாதிக்கும் குறைவான பலத்திலேயே உடைந்துவிட்டது. அந்த ஏழாம் வார்ப்பை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'உள்ளே வேற்றுப் பொருள் இருந்ததால் நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு. ரிவியூவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் காட்டாமல் இந்த விளக்கத்தை ஏற்க முடியாது, பிடிக்காத முடிவை ஒதுக்கியதாகவே கொள்ள வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்.

"அவர் கேக்கறது நியாயம்தானே" என்றேன். "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். வாயால சொன்னா ஆச்சா?"

"போட்டோ இருக்கு அக்கா. உடைஞ்ச உடனே எடுத்தேன். கலவை மெஷின்லேர்ந்து ஏதோ பித்தளை வாஷர் விழுந்திருக்கு. பதில்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினாள். திறந்து பெரிதாக்கினால் கஞ்சி கொட்டியது போல ஒரு சாம்பல் பரப்பு, நடுவில் மங்கலாக மஞ்சள் வளைவு. வாட்ஸாப்பில் வந்த படத்தை எந்த இதழும் வாங்காது. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வது? மூலப் படம் எங்கே என்றேன். பழைய போனில் இருக்கிறது, அது வீட்டில் இருக்கிறது, திரை உடைந்து கிடக்கிறது என்று இழுத்தாள். போய் எடுத்துவா, நான் அதற்குள் மேற்கோள்களை முடிக்கிறேன் என்று துரத்தினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வீடு அமைதியாக இருந்தது. நாற்பத்திரண்டு மேற்கோள்கள். ஒவ்வொன்றாக ஆண்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். கை வேலை செய்தது. மனது மட்டும் அந்த ஏப்ரல் பதினொன்றை விட்டு நகர மாட்டேன் என்றது.

அவர் ஒரு கப்சா மன்னன். இதை நான் சொல்லவில்லை, லேப்பில் எல்லோரும் சொல்வார்கள். புதிதாக வரும் மாணவர்களிடம், இந்த இயந்திரத்துக்குக் கூச்சம், யாராவது முறைத்துப் பார்த்தால் உடைக்காது என்பார். அதுகளும் திரும்பி நின்றுகொள்ளும். ஊறவைக்கும் தொட்டியில் ஒரு மீன் வளர்ந்தது, சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகிவிட்டது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஆதாரம் கேட்டேன். மறுநாள் சாந்தில் மீன் செய்து, செவுள் எல்லாம் கீறி, ஈரம் காயாமல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இன்றைக்கும் என் காகிதங்கள் பறக்காமல் அந்த மீன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட மனுஷனோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தால், எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் சந்தேகப்படுவதுதான் பழக்கமாகிவிடும்.

அந்தக் கல்யாண நாளன்று அவர் வெறும் விரலோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மோதிரம். ஒரே தட்டான் ஒரே நாளில் செய்தது, சுற்றிலும் இரண்டு கோடு ஓடும். கல்யாணமான புதிதில், சிமெண்ட் வேலைக்காரனுக்கு மோதிரம் எதற்கு, கோட்டுக்குள் சாந்து போய் அடைத்துக்கொள்கிறது என்று முணுமுணுத்திருக்கிறார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் விட்டுவிட்டார். அன்றைக்கு என் கண் நேராக விரலுக்குத்தான் போனது. எங்கே என்று கேட்டேன்.

"கலவைக்குள்ள போயிடுச்சு" என்றார். "மெஷின்ல கலக்கினதைக் கையால பிசையும்போது நழுவியிருக்கு. பன்னெண்டையும் அச்சுல போட்டு முடிச்சப்புறம்தான் பாத்தேன். எதுக்குள்ள இருக்குன்னு தெரியல."

"அப்ப ஒடச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணோட உழைப்பு. அந்தச் சிமெண்ட் அவ்வளவுதான் இருந்துச்சு. ஒண்ணை ஒடச்சா எல்லாம் போச்சு. தொண்ணூறு நாள் பொறு, எடிட்டர் மேடம். இழுக்கும்போது தானா வெளிய வந்துடும். அவகிட்ட சொல்லல, சொன்னா பாவம் அவளே ஒடச்சிடுவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோதிரம் எப்படி நழுவும்? அவர் விரலில் அது பிடித்த பிடி எனக்குத் தெரியும். ஒருமுறை கழற்றுவதற்குச் சோப்பு போட்டு நானும் அவரும் கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறோம். அது தானாக நழுவிக் கலவைக்குள் போனது, தொண்ணூறு நாள் கழித்து வெளியே வரும் என்றால், கல்மீனுக்கு இது தம்பி. கழற்றி எங்கோ வைத்துவிட்டார், அதுவும் இந்த நாளில், என்றுதான் தோன்றியது. போடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே? என்னோடு இருக்கவே அலுத்துவிட்டதோ என்றுகூட அன்று நினைத்தேன். இரண்டு நாள் சுள்ளென்று இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"கழட்டணும்னு தோணுச்சுன்னா கழட்டிட்டேன்னு சொல்லிடுங்க. கதை விடாதீங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் பாதி சோற்றை அப்படியே ஒதுக்கிவிடுவார். நான் சமைத்தது பிடிக்காமல்தான் என்று அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

"சரி. கழட்டிட்டேன்" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஜெயித்துவிட்டேன். மே மாதக் கடைசியில் வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்றார். அப்புறம் ஐந்து வாரம். ஆஸ்பத்திரியில் அவர் என்னென்னவோ பேசினார். அங்கேயும் நர்ஸுகளிடம் கப்சா விட்டார். மோதிரத்தைப் பற்றி மட்டும் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகிற மனுஷனிடம் போய் இதையா கேட்பது என்று இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் அந்த 'கழட்டிட்டேன்' ஒரு முள்ளாக இருந்தது. அவர் போன பிறகும் இருந்தது. அழும்போதெல்லாம் கூடவே குத்தும். முழுசாக அழக்கூட அது என்னை விட்டதில்லை.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் நான் சந்தேகப்படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பிரிக்கெட், தொண்ணூறு நாள், ஏப்ரல் பதினொன்று, எல்லாம் கண்முன்னே திரையில் இருந்தது. என் தொழிலே பொருந்தாததைக் கண்டுபிடிப்பது. பொருந்துவது என் கண்ணில் படவில்லை.

அவள் ஒன்றரை மணிக்கு வந்தாள். போனைக் குழந்தையின் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஒயரை மாட்டி மூலப் படத்தைக் கணினிக்கு ஏற்றினேன். பெரிய கோப்பு, திறக்க நேரம் பிடித்தது. மேலிருந்து கீழே பட்டை பட்டையாக விரிந்தது. முதலில் உடைந்த சிமெண்டின் சொரசொரப்பு, மணல் மணலாக. அதன் நடுவில் ஒரு வளையம். பாதி சாந்துக்குள் புதைந்து, பாதி வெளியே தெரிந்தது. வெளியே இருந்த பாதியில் சுற்றிலும் இரண்டு கோடு. கோட்டுக்குள் சாந்து போய் அடைத்திருந்தது.

நான் நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். பிறகு எண்ணூறு. பிறகு மறுபடி சின்னதாக்கினேன்.

"நல்லா இருக்கா அக்கா? ரெசல்யூஷன் போதுமா?"

"போதும்" என்றேன்.

முதலில் எனக்கு வந்தது, யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். கழற்றவில்லை. மனுஷன் கழற்றவில்லை. மூன்று வருஷ முள் ஒரு நொடியில் போய்விட்டது. உடனே எழுந்து உள்ளே போய் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்தாங்க, நீங்க சொன்னது சரி, நான்தான் மடச்சி என்று சொன்னால் எவ்வளவு குதிப்பார். ஒரு வாரத்துக்கு என்னைத் தூங்கவிட மாட்டார். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

எழுந்து நின்றபோதுதான் மற்றது வந்தது. சோப்பு போட்டாலும் கழலாத மோதிரம் எப்படி நழுவியது? அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான். அன்றைக்கு அதை வைத்து அவரைப் பொய்யர் ஆக்கினேன். அது பொய் இல்லை என்றால் பதில் ஒன்றுதான் மிச்சம். விரல் மெலிந்திருக்கிறது. ஏப்ரலிலேயே மெலிந்திருக்கிறது. தட்டில் ஒதுக்கிய சோறு, ஒரு துளை உள்ளே போன பெல்ட், எல்லாம் அதே வீட்டில்தான் இருந்தது. அவர் வந்து என்னிடம் சொன்னார், நழுவிடுச்சு என்று. எதற்கு நழுவியது என்று கேட்டு அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா. நான் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்தேன். அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேல் இல்லையே அக்கா" என்றாள். "பக்கத்துல எதாவது வச்சு எடுத்திருக்கணும். ரொம்பக் கிட்டத்துல எடுத்துட்டேன், இடுப்போட ஓரம்கூட தெரியல. அளவு இல்லாத படத்தை வாங்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

உண்மைதான். படத்தின் மூலையில் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு கோடு இருந்தாக வேண்டும். விதிமுறையில் இருபத்தொன்றாம் பக்கம். மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சின்ன அளவுகளை அளக்கிற அவருடைய வெர்னியர் அங்கேதான் கிடக்கிறது, லேப்பில் புதிதாக வாங்கியபோது பழையதைக் கேட்டு வாங்கி வந்தார். என் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. விரலோடு சேர்த்தே வெர்னியரின் தாடையை வைத்துப் பட்டையின் அகலத்தை அளந்தேன்.

"மூணு மில்லிமீட்டர்" என்றேன். "வளையத்தோட பட்டை மூணு மில்லிமீட்டர். அதை வச்சுக் கோடு போட்டுடலாம்."

"அது எப்படி அக்கா..."

கேட்டுக்கொண்டே என் விரலைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மறுபடி என் விரல். பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் என்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா" என்றாள்.

"சொன்னா நீ ஒடச்சிடுவேன்னுதான் சொல்லல."

அவள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். அந்தத் துண்டுக்குள்ளிருந்தே பேசினாள். "நான் அதைத் தூக்கிப் போட்டுட்டேன் அக்கா. உடைஞ்சதெல்லாம் லேப்புக்குப் பின்னாடி பள்ளத்துலதான் கொட்டுவோம். அந்தப் பள்ளத்தை மூடி மேல வண்டி நிறுத்த தளம் போட்டாச்சு."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வாஷர் என்று நினைத்தாள், எறிந்தாள். அவள் வேலையைக் காப்பாற்றத்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அது காப்பாற்றப்பட்டுவிட்டது. பதினொன்றும் நன்றாகத் தாங்கியிருக்கின்றன.

"மணி ரெண்டரை ஆகுதும்மா" என்றேன். "பதிலைத் திற. வாஷர்னு எழுதியிருக்கியே, அது தப்பு. உலோக வளையம்னு மாத்து."

"தங்க மோதிரம்னு போடட்டுமா? யாரோடதுன்னும்..."

"ரிவியூவருக்கு அது வேண்டாம். அவருக்கு ஆதாரம் மட்டும் போதும்."

மாற்றினாள். நான் படத்துக்கு வந்தேன். பட்டையின் அகலத்தில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து, 3 மிமீ என்று எழுதினேன். கீழே தலைப்பு. 'படம் 6. ஏழாம் வார்ப்பின் உடைந்த பரப்பு. அம்புக்குறி: வேற்றுப் பொருள்.' எழுத்துருவின் அளவு எட்டு. கடைசி முற்றுப்புள்ளி வரை சரியாக இருந்தது.

ஒரு வேலைதான் பாக்கி. அந்த இதழ் படங்களைக் கருப்பு வெள்ளையில்தான் அச்சிடுகிறது, நாமே மாற்றி அனுப்ப வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்தினேன். மஞ்சள் போய்விட்டது. சிமெண்டும் மோதிரமும் ஒரே சாம்பலாகிவிட்டன. உற்றுப் பார்த்தால்கூட எது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ஒரு கருப்பு அம்புக்குறியை எடுத்து உள்ளே வைத்தேன். முனை பட்டால் மங்கலாக மிச்சமிருந்த அந்த இரண்டு கோடும் மறைந்துவிடும். மவுஸை விட்டுவிட்டு, விசைப்பலகையால் அம்பைத் துளித்துளியாகப் பின்னால் நகர்த்தினேன், அது மோதிரத்தைத் தொடாமல், ஒரு விரல்போல, பக்கத்தில் வந்து நிற்கும் வரை.